ஓய்வுக்காகக் கடன்பட்ட நகரம்

உழைப்பவனுக்கு உணவு வேண்டும், உடை வேண்டும், உறையுள் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். ஆனால் அவனுக்கு விளையாடத் திடல் வேண்டும், நீந்தக் குளம் வேண்டும், நாலுபேர் கூடியிருந்து பேச ஒரு மண்டபம் வேண்டும் என்றால், “அவையெல்லாம் வசதி படைத்தோர் காரியமன்றோ?” என்று வினவுவோர் இன்னும் உளர். அவற்றிற்காக ஊரார் கடன் வாங்கலாம் என்று சொல்லிவிட்டாலோ, சொன்னவனை ஏற இறங்கப் பார்ப்பர். கல்யாணத்துக்குக் கடன் வாங்கலாம். காதுகுத்துக்குக் கடன் வாங்கலாம். திருவிழாவுக்கு வீடுதோறும் வசூலிக்கலாம். விளையாட்டுத் திடலுக்குக் கடன்படுவதா என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே தன் செய்கையால் விடை கூறிய நகரம் ஒன்றுண்டு. அது அமெரிக்க நாட்டின் சிக்காகோ. மே தினம் கொண்டாடும் நம் தொழிலாளத் தோழர்களுக்கு அந்நகரின் பெயர் புதிதன்று. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைக்காக 1886-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்ததும், மூன்று நாள் கழித்து ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடிகுண்டு வீசப்பட்டதும், அதன் பயனாகத் தொழிலாளர் தலைவர்கள் தூக்குமேடை ஏறியதும் உலகறிந்த செய்திகள். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எஞ்சிய எட்டு மணி தன் விருப்பம் என்பதே அக்காலத் தொழிலாளர் வேண்டுகோளின் சாரம். முதல் எட்டு மணிக்குத் தொழிற்சாலை உண்டு. இரண்டாவதற்கு வீடு உண்டு. மூன்றாவது எட்டு மணியை அவன் எங்கே கழிப்பான்? மே தின வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் கேளாது விடும் கேள்வி இதுவே.

இறைச்சித் தொழிலின் தலைநகர்

1870-ஆம் ஆண்டில் சிக்காகோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 லட்சம். 1900-இல் அது 17 லட்சத்தை எட்டியது. முப்பதே ஆண்டுகளில் ஒரு நகரம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகினால் அங்கு வந்து சேர்ந்த ஏழைகளின் இருப்பிடம் எப்படியிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1865-இல் திறக்கப்பட்ட யூனியன் கால்நடைச் சந்தையைச் சுற்றி இறைச்சித் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் பின்புறத்தில், நாற்றமும் புகையும் நீங்காத தெருக்களில், அயர்லாந்துக்காரரும் ஜெர்மானியரும் போலந்துக்காரரும் லித்துவேனியரும் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அப்டன் சிங்க்ளேர் 1906-இல் நூலாக வெளியிட்ட ‘தி ஜங்கிள்’ என்னும் நாவல் இத்தெருக்களின் கதையே.

இந்நகரில் பூங்காக்கள் இல்லாமலில்லை. 1869-ஆம் ஆண்டுச் சட்டங்களால் மூன்று பூங்கா ஆணையங்கள் ஏற்பட்டு, ஜாக்சன் பூங்கா, வாஷிங்டன் பூங்கா முதலிய அழகிய பெரும் பூங்காக்கள் உருவாயின. 1893-ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சி ஜாக்சன் பூங்காவிலேயே நடைபெற்றது. ஆயினும் அவை குதிரைவண்டியில் உலாவுவோருக்கு ஏற்றவை. இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவனின் வீட்டுக்கு அவை பல மைல் தொலைவு. டிராம் வண்டிக்குக் காசு கொடுத்துக் குடும்பத்தோடு பூங்கா காணச் செல்வது அவனுக்கு ஆண்டில் ஒருநாள் விழா. அன்றாடம் வேலை முடிந்ததும் அவன் கால்கள் சென்ற இடம் மதுக்கடை. அங்கேதான் விளக்கு எரிந்தது. குளிர்காலத்தில் கணப்பு இருந்தது. கல்யாண விருந்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் பின்னறை கிடைத்தது. அந்த அறைக்கு வாடகை, குடிக்கும் குடியே.

நம் தோட்டங்களிலும் நெடுங்காலம் கள்ளுக்கடையே ஊர்ச்சாவடியாக இருந்ததை நினைப்போர்க்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குடியைத் தூற்றுவது எளிது. குடிக்காதவன் உட்கார ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது அரிது. சீர்திருத்தம் பேசுவோர் முன்னதைப் பன்முறை செய்தனர். பின்னதைச் செய்தோர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஜேன் ஆடம்ஸ் அம்மையார். 1889-இல் எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் தோழியுடன் அவர் தொடங்கிய ‘ஹல் ஹவுஸ்’ என்னும் இல்லம், குடியேறிய ஏழைகளின் நடுவே வகுப்பும் மன்றமும் குழந்தைகள் விளையாட இடமும் அமைத்தது. நகரத்து இளைஞரின் கேடு அவர்தம் பிறவிக் குணத்தால் வருவதன்று, ஓடியாட இடமின்மையால் வருவது என்பதை அவ்வம்மையார் எழுத்திலும் பேச்சிலும் ஓயாது வற்புறுத்தினார். 1931-இல் அவருக்கு நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது. எனினும் தனியார் தருமம் ஒரு தெருவுக்கு வழிகாட்டலாமேயன்றி ஒரு நகரத்தைத் தாங்காது. நகரத்தைத் தாங்க நகரத்தின் பணமே வேண்டும்.

பத்துத் திடல்கள்

1899-இல் சிக்காகோ நகராட்சி ஒரு தனிப் பூங்காக் குழுவை நியமித்தது. நெருக்கமான பகுதிகளுக்குச் சிறு பூங்காக்களும் திடல்களும் வேண்டும் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. நகரின் தென்பகுதிக்குரிய சவுத் பார்க் ஆணையம், ஜே. பிராங்க் பாஸ்டர் என்னும் கண்காணிப்பாளரின் ஊக்கத்தால், முதலில் மெக்கின்லி பூங்காவை அமைத்துச் சோதித்தது. புல்லைப் பார்த்துவிட்டுப் போவதற்கன்று. நீந்துவதற்கும் பந்தாடுவதற்கும் அப்பூங்கா ஏற்பட்டது. கூட்டம் அலைமோதியது. அதன்பின் கடன் பத்திரங்கள் வாயிலாகப் பணந்திரட்டி, 1903 முதல் புதிய திடல்களுக்கான வேலை நடந்தது. 1905-இல் பத்துத் திடல்கள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. டேவிஸ் சதுக்கம், ஆர்மர் சதுக்கம், கார்னெல் சதுக்கம், ரஸ்ஸல் சதுக்கம், ஷெர்மன் பூங்கா ஆகியன அக்காலத்தில் தோன்றியவை.

ஒவ்வொரு திடலிலும் ‘பீல்டு ஹவுஸ்’ என்னும் பொதுமண்டபம் எழுந்தது. அதனுள் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் உடற்பயிற்சிக்கூடங்கள், குளியலறைகள், சங்கங்கள் கூடும் அறைகள், நாடகமும் நடனமும் நடத்த மேடையுடன் கூடிய பெருங்கூடம், நூலகக் கிளை அல்லது படிப்பகம், மலிவுவிலைச் சிற்றுண்டியகம் ஆகியவை இருந்தன. வெளியே நீச்சற்குளம், ஓட்டப்பாதை, குழந்தைகளுக்கு மணற்குழி. மது கிடையாது. வீட்டில் குளியலறை இல்லாதவனுக்கு அக்குளியலறை எத்துணைப் பெரிய செல்வம் என்பதை, பொதுக் குழாயடியில் வரிசையில் நின்ற தலைமுறையினர் அறிவர்.

இவற்றைத் திட்டமிட்டவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. நிலத்தை வகுத்தவர்கள் ஓம்ஸ்டட் சகோதரர். கட்டடங்களை வரைந்தது, 1893-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சியின் கட்டட வேலைகளை நடத்திய டானியல் பர்ன்ஹாமின் நிறுவனம். செல்வர் மாளிகைக்கும் வணிகர் கோபுரத்துக்கும் அழைக்கப்படும் கைகள் கூலிக்காரனின் குளியலறையையும் வரைந்தன. ஏழைக்குக் கொடுப்பது மட்டமாயிருந்தாற் போதும் என்ற எண்ணம் அங்கே எழவில்லை. தகரக் கொட்டகையைக் கட்டிவிட்டு அதற்குத் திறப்புவிழாவும் மாலை மரியாதையும் நடத்துவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

1907-இல் அமெரிக்க விளையாட்டுத் திடல் சங்கத்தின் முதல் மாநாடு சிக்காகோவில் கூடியது. எந்த அமெரிக்க நகரமும் செய்த நற்காரியங்களுள் தலைசிறந்தது இதுவே என்ற கருத்தில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பாராட்டினார். பிற நகரங்களும் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கின.

கடன் பத்திரத்தின் கணக்கு

கடன் என்றதும் நமக்கு வட்டிக்கடை நினைவு வரும். ஊர்க்கடன் அத்தகையதன்று. நகராட்சியோ பூங்கா ஆணையமோ பத்திரம் வெளியிடும். பணமுள்ளோர் அதனை வாங்குவர். ஆண்டுதோறும் வட்டியும் அசலில் ஒரு பங்கும் சொத்துவரியிலிருந்து திருப்பித் தரப்படும். இல்லினாய் மாநிலத்தின் 1870-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் இதற்கு மூன்று கட்டுகள் விதித்திருந்தது. ஊராட்சிக் கடன், வரிக்குரிய சொத்துமதிப்பில் நூற்றுக்கு ஐந்தை மீறலாகாது. கடன் வாங்கும்போதே அதனை அடைப்பதற்குரிய ஆண்டுவரியை விதித்துவிட வேண்டும். இருபது ஆண்டுகளுக்குள் அசல் தீர்ந்துவிட வேண்டும். கடனும் அதை அடைக்கும் வழியும் ஒரே நாளில் பிறக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

கணக்கேடு எழுதிப் பழகியோர்க்கு இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 10,000 வீடுகளுள்ள ஓர் ஊர், நூற்றுக்கு 5 வட்டியில் 1,00,000 வெள்ளி கடன் வாங்கி இருபது ஆண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு அசல் 5,000 வெள்ளி. முதலாண்டு வட்டி 5,000 வெள்ளி. ஆக வீட்டுக்கு ஒரு வெள்ளி. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, இருபதாம் ஆண்டில் வீட்டுக்கு ஐம்பத்திரண்டரைக் காசே வரும். மொத்த வட்டி 52,500 வெள்ளி. கடன் வாங்காமல் உண்டியல் வைத்து ஆண்டுக்கு 5,000 வெள்ளி சேர்த்தால் வட்டி மிச்சந்தான். ஆனால் அப்பணம் சேர்ந்து முடியும்போது இன்றைய குழந்தைக்கு மீசை முளைத்திருக்கும். அந்த 52,500 வெள்ளி, ஒரு தலைமுறையின் பிள்ளைப்பருவத்தை வீணாக்காமல் காத்ததற்கு ஊர் கொடுக்கும் விலை. மேலும், திடலை நாளை அனுபவிக்கப் போகிறவரும் நாளை வரி கொடுப்பர். இன்றிருப்போர் மட்டும் சுமந்து, பின்வருவோர் இலவசமாக அனுபவிக்கும் அநீதி இதில் இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. முதலாளி கட்டிக் கொடுத்த மண்டபத்தின் சாவி முதலாளியிடம் இருக்கும். வள்ளல் கட்டிக் கொடுத்த மண்டபத்தின் சுவரில் வள்ளலின் பெயர் இருக்கும். ஊரார் தம் வரியால் கட்டிய மண்டபத்தில் எவரும் எவருக்கும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. தருமம் பெற்றவன் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். வரி கொடுத்தவன் கணக்குக் கேட்க உரிமைப்பட்டவன்.

இவ்வுரிமையைச் சிக்காகோ மக்கள் நன்கு பயன்படுத்தினர். 1909-இல் பர்ன்ஹாமின் நகரத் திட்டம் வெளியாயிற்று. அதன் கருத்துகள் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பாடநூலாகவும் எழுதப்பட்டன. இன்று படிக்கும் பிள்ளை நாளை வாக்களிப்பான் என்பது எழுதியோர் எண்ணம். 1912 முதல் 1931 வரை அத்திட்டத்தையொட்டிய 86 கடன் பத்திரத் தீர்மானங்களுக்கு வாக்காளர் இசைவளித்தனர். அவற்றின் தொகை ஏறத்தாழ 23 கோடியே 40 லட்சம் டாலர். விளக்கிச் சொன்னால் மக்கள் வரி கொடுக்க மறுப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திறவாத கதவு

இம்மட்டில் நிறுத்திவிட்டால் இது வெறும் புகழுரையாகிவிடும். சிக்காகோவின் கணக்கேட்டில் ஒரு கறுத்த பக்கமும் உண்டு.

1919-ஆம் ஆண்டு ஜூலை 27. கடும் வெயில். மிச்சிகன் ஏரிக்கரையில் இருபத்தொன்பதாம் தெருவையொட்டி வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே குளித்துக்கொண்டிருந்தனர். அங்கே பிரித்துக்கட்டிய சட்டம் இல்லை. வழக்கமே சட்டமாக இருந்தது. யூஜின் வில்லியம்ஸ் என்னும் பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன் நீரில் மிதந்தபடி அந்தக் கண்காணாக் கோட்டைக் கடந்தான். கரையிலிருந்து வெள்ளையன் ஒருவன் கல்லெறிந்தான். இளைஞன் மூழ்கி இறந்தான். காவலர் கல்லெறிந்தவனைக் கைதுசெய்ய மறுத்தனர். மூண்ட கலகத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர். 500-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கறுப்பரைத் தாக்கிய கும்பல்களுள் சில, விளையாட்டுக் கழகம் என்ற பெயர் பூண்டிருந்தவை!

பின்னர் ஏற்பட்ட விசாரணைக் குழு 1922-இல் வெளியிட்ட அறிக்கை, பூங்காக்களிலும் கடற்கரைபோன்ற ஏரிக்கரைகளிலும் கறுப்பர்க்கு இருந்த தடைகளை எடுத்துக்காட்டியது. ஏட்டில் எல்லார்க்கும் பொது. நடைமுறையில் வசவும் அடியும் கதவைச் சாத்தின. அவர்களும் வரி கொடுத்தனர். கடனில் பங்கு உண்டு, குளத்தில் பங்கில்லை என்றால் அது கொள்ளையன்றி வேறென்ன?

இதனைப் படிக்கையில் நமக்குத் தொலைதேசச் செய்தியாகத் தோன்றவில்லை. பொதுத்தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் வைக்கத்தில் போராட நேர்ந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒதுக்கப்பட்டோர் நுழைய 1939 வரை காத்திருக்க நேர்ந்தது. பொதுவென்று பெயர் வைத்த இடத்தில் கோடு கிழிக்கும் கலையில் நாம் அமெரிக்கருக்கு ஆசிரியர்கள்.

அதே நகரம் வேறொரு பாடத்தையும் தந்தது. இறைச்சித் தொழிற்சாலைகளை அடுத்த டேவிஸ் சதுக்கத்தின் நிர்வாகியாக இருந்த ஜோசப் மீகனும், சால் அலின்ஸ்கியும் முயன்று, 1939 ஜூலை 14-இல் அத்திடல் மண்டபத்தில் ஒரு மாநாடு கூட்டினர். தத்தம் தேவாலயமும் தத்தம் மொழியுமாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெறுத்திருந்த போலந்துக்காரர், லித்துவேனியர், அயர்லாந்துக்காரர் முதலியோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். பாதிரிமாரும் இறைச்சித் தொழிலாளர் சங்கத்தாரும் ஒரே மேடையில் நின்றனர். அன்று பிறந்த அக்கம்பக்கத்தார் மன்றம் பின்னர்ப் பல ஊர்களுக்கு முன்மாதிரியாயிற்று. கடனால் எழுந்த மண்டபம் முப்பத்துநான்கு ஆண்டுக்குப்பின் கொடுத்த வட்டி அது.

கட்டுவது ஒன்று, காப்பது மற்றொன்று

இன்னொரு நகரையும் கண்டு செல்வோம். சியாட்டில் நகரையுடைய கிங் மாவட்டத்தில், ஜேம்ஸ் எல்லிஸ் என்னும் வழக்கறிஞரின் முயற்சியால், 1968 பிப்ரவரி 13-இல் பன்னிரண்டு கடன் தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. நூற்றுக்கு அறுபது வாக்கு வேண்டும் என்பது சட்டம். ஏழு தீர்மானங்கள் நிறைவேறின. மொத்தம் 33 கோடியே 39 லட்சம் டாலர். அதில் பூங்காவுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டும் 11 கோடியே 80 லட்சம். விரைவு ரயிலுக்கான தீர்மானமோ நூற்றுக்கு 50.8 பெற்றும் தோற்றது.

அப்பணத்தால் பூங்காக்களும் நீச்சற்குளங்களும் எழுந்தன. ஆனால் கடன் பத்திரம் சுவரைக் கட்டுமேயன்றி, விளக்கேற்றவும் குளத்து நீரைச் சுத்திகரிக்கவும் சம்பளம் தராது. 2002-ஆம் ஆண்டையொட்டி நேர்ந்த நிதி நெருக்கடியில் மாவட்ட ஆட்சி அக்குளங்களைத் தாங்கமாட்டாமல் நகராட்சிகளிடம் ஒப்படைக்க முனைந்தது. அதே வாக்கெடுப்பில் 4 கோடி டாலர் பெற்றெழுந்த ‘கிங்டோம்’ என்னும் பெரிய விளையாட்டரங்கம் 1976-இல் திறக்கப்பட்டு 2000-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிற்காலப் பழுதுபார்ப்புக்கு வாங்கியதும் சேர்ந்து, அதன்மீதிருந்த கடன் 2015-இல்தான் தீர்ந்தது. இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து ஆண்டு வரி! கடனின் ஆயுள் கட்டடத்தின் ஆயுளை மிஞ்சலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது.

நாம் செய்யத்தக்கது

நம் நாட்டில் இம்முறையை அப்படியே கைக்கொள்ள இயலாது. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டு, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. வாக்கில்லாத இடத்தில் வாக்காளர் இசைவு ஏது? சிங்கப்பூரில் 1960-இல் தோன்றிய மக்கள் கழகம் சமூக மன்றங்களை அரசாங்கப் பணத்தால் வளர்த்தது. பட்டணத்தார் அதன் பயனை அறிவர். தோட்டத்தான் கதி வேறு. அவன் வாழ்ந்த மண் தனியார் சொத்து என்பதனால், பொதுப்பணம் பெரும்பாலும் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது.

ஆயினும், தொழிலாளர் தம் காசை ஒன்றுசேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சான்றுண்டு. தோட்டத் துண்டாடலின்போது துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பால் மரம் வெட்டியோர் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்காளிகளாயினர், தோட்டங்களையே வாங்கினர். தோட்டம் வாங்கத் தெரிந்த கைகளுக்கு ஒரு படிப்பகமும் பந்தாட்டத் திடலும் எட்டாக்கனியாகா.

ஆதலின், மண்டபம் கட்ட முனையும் ஒவ்வொரு சங்கமும் மூன்று வினாக்களைத் தன்னைத்தானே கேட்கட்டும். கடனை அடைக்கும் வழி, கடன் வாங்கும் நாளிலேயே எழுதப்பட்டதா? கட்டிய பின் விளக்குக்கும் காவலுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டதா? சாதி, மதம், ஆண், பெண் என்ற கோடு எதுவுமின்றி அதன் கதவு திறந்திருக்குமா? முதலிரண்டுக்கும் விடையில்லாத மண்டபம் பாழடையும். மூன்றாவதற்கு விடையில்லாத மண்டபம் பாழடைந்தாலே நல்லது.

பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடுவதைக் கடமையென்று நம்மவர் இன்று ஒப்புக்கொண்டனர். அப்பிள்ளை மாலையில் எங்கே போகிறான் என்று கேட்பதும் அக்கடமையின் மறுபாதியே. அவன் செல்வதற்கு நல்ல இடம் ஒன்றை நாம் அமைக்காவிட்டால், வேறொருவர் தம் இலாபத்துக்காக அமைத்து வைத்திருப்பர். அங்கே அவன் செலுத்தும் வட்டி, எந்தக் கடன் பத்திரத்தின் வட்டியைவிடவும் பெரிது.